சமாதானம் பேசப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், குடும்பச் சண்டைகளுக்குச் சமாதானம் பேசப் போகும் குழுவில் இளைஞர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். கத்தக் கூடாது, வசை கூடாது என்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விசுவாசிகளுக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன.

ஜெபத்தில் குத்துவது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

தகப்பனார் இறந்த பின் அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு. நெடுநேரம் பேசியதில், கிணற்றடி மனையைத் தம்பிக்கே விட்டுவிடுவதாக அண்ணன் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். காபி வந்தது. ஜெபித்து முடிக்கும்படி குழுவில் ஒருவர் அண்ணனையே கேட்டார். அவரும் உருக்கமாகத்தான் தொடங்கினார். நடுவில், "ஆண்டவரே, பெற்ற தகப்பனைக் கடைசிக் காலத்தில் எட்டிப் பார்க்காதவர்களின் இருதயத்தையும் தொடும்" என்றார். தம்பியின் மனைவி கண்ணைத் திறந்தார். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கணவரின் தோளைத் தொட்டார். நாங்கள் ஆமென் சொன்னபோது இருவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

அதையே முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் தம்பி தம் பக்கத்தைச் சொல்லியிருப்பார். ஜெபத்தில் சொன்னதற்கு எப்படிப் பதில் சொல்வது? குறுக்கே பேசினால் ஜெபத்தையே தடுத்தவர் என்ற பெயர் வரும். எதிராளியின் வாயைக் கட்டிவிட்டு அடிப்பது இது. லூக்கா 18-இல் பரிசேயன் ஆலயத்தில் நின்று, பக்கத்தில் நின்ற வரி வசூலிப்பவனைக் காட்டி, "இந்த ஆயக்காரனைப்போலவும்" தான் இல்லை என்று ஸ்தோத்திரம் செய்தான். அவன் ஜெபமும் பக்கத்தில் நின்றவன்மேல்தான் பாய்ந்தது.

சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23, 24). ஆகவே வழக்கில் சம்பந்தப்பட்ட யாரையும் அந்த இடத்தில் தனியாக ஜெபிக்கச் சொல்லாதீர்கள். எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லுங்கள். அதில் இரு தரப்பும் ஒரே வார்த்தைகளால் தங்கள் கடன்களுக்கே, அதாவது தங்கள் பாவங்களுக்கே, மன்னிப்புக் கேட்கிறார்கள். யாரையும் குத்த இடமில்லை.

தன் நியாயத்தையே முதலில் சொல்வது

மீதியானியரோடு யுத்தத்துக்குப் போகையில் எங்களை ஏன் அழைக்கவில்லை என்று இஸ்ரவேலின் ஒரு கோத்திரமான எப்பிராயீமர், படையை நடத்திய கிதியோனிடம் பலத்த வாக்குவாதம் செய்தார்கள். மீதியானிய அதிபதிகளான ஓரேபையும் சேபையும் பிடித்தவர்கள் நீங்கள்தானே, நான் செய்தது அதற்கு எம்மாத்திரம் என்றான் அவன். கோபம் ஆறியது (நியாயாதிபதிகள் 8). அதே கோத்திரம் அதே குறையோடு பிறகு வேறொரு யுத்தத்தை நடத்திய யெப்தா என்ற தலைவனிடம் வந்தது. வீட்டைக் கொளுத்துவோம் என்றும் மிரட்டியது. நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை என்றான் யெப்தா. சண்டை மூண்டு எப்பிராயீமரில் 42,000 பேர் மடிந்தார்கள் (12-ஆம் அதிகாரம்).

யெப்தா சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். கிதியோன் சொன்னதும் பொய்யல்ல. அந்த இரண்டு அதிபதிகளையும் பிடித்தவர்கள் எப்பிராயீமர்தான். எதிரில் இருப்பவர் செய்த நல்லதில் உண்மையான ஒன்றைத் தேடி, அதை முதலில் சொல்லுங்கள். முகஸ்துதி வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்"

எபேசியர் 4:26-ஐக் காட்டி, களைத்துப்போனவர்களை நள்ளிரவுவரை உட்கார வைக்காதீர்கள். எரிச்சல் தணிய வேண்டும் என்கிறது வசனம். அன்றைக்கே கையெழுத்து வாங்கச் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடுவது

வேண்டாம். யாருக்காகப் போட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அடிபட்டவரிடம் சாந்தத்தைக் கேட்பது

அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசுவே கேட்டார் (யோவான் 18:23). கணவர் கை நீட்டும் வீட்டில் மனைவிக்குப் பொறுமையைப் போதிக்காதீர்கள். அவரையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்தில் சேருங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுங்கள். கணவரோடு பேச்சு அதற்குப் பிறகு.