குடும்பப் பெயர்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லா இந்துக்களுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, அது பெயரின் கடைசியில் நிற்கும், அதைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும் என்ற மூன்று எண்ணங்களையும் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டுதான் பலர் இந்தப் பெயர்களை ஆராயத் தொடங்குகிறார்கள். மூன்றும் சில வட்டாரங்களில், சில காலங்களுக்குப் பொருந்தும். நாடு முழுவதற்கும் பொருந்துவதில்லை. பெயர் என்பது ஊர், தந்தை, வீடு, தொழில், அரசுப் பதவி, மரியாதைப் பட்டம், குலம் ஆகிய பல உறுப்புகளில் சிலவற்றைச் சேர்த்து அமைவது. அவற்றில் எது எங்கே நிற்கும், எது தலைமுறை தாண்டித் தொடரும் என்பதை அந்தந்த வட்டாரத்து வழக்கமே முடிவுசெய்கிறது. அந்த வழக்கத்தைக் கேட்டறியாமல் பொருள் சொல்லப் புகும்போதுதான் கீழ்க்காணும் பிழைகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

முதலாவது, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று கொள்வது. தெலுங்கு வழக்கில் 'இண்டி பேரு' எனப்படும் வீட்டுப் பெயர் முன்னால் வரும். முன்னாள் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவின் முழுப் பெயரான பாமுலபர்த்தி வெங்கட நரசிம்ம ராவ் என்பதில் பாமுலபர்த்தி என்பதே குடும்பத்துக்கு உரியது. 'ராவ்' ஆண்களின் பெயரோடு சேர்ந்து வரும் மரியாதை ஒட்டு. என். டி. ஆர். எனப்படும் நந்தமூரி தாரக ராம ராவின் பெயரிலும் அதே ஒட்டு இருக்கிறது என்பதற்காக இருவரையும் ஒரே குடும்பத்தவர் என்று ஆந்திரத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'சர்வபள்ளி', அவருடைய முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ப் பக்கத்து ஊரின் பெயர். கன்னடத்தில் ஹரதனஹள்ளி தொட்டேகௌடா தேவே கௌடா என்பது ஊர், தந்தை, மகன் என்ற வரிசையில் அமைந்தது. கேரளத்தில் வீட்டுப் பெயர் முன்னாலும் பட்டம் பின்னாலும் வரும்: எளங்குளம் மனக்கல் சங்கரன் நம்பூதிரிப்பாடு. மராட்டியத்திலோ தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று வரிசை மாறுகிறது. சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்பதில் நடுவில் இருப்பவர் தந்தை. அங்கே மணமான பெண்ணின் பெயரில் அந்த நடு இடத்தைக் கணவரின் பெயர் பிடித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

தமிழர்களைப் பற்றிய தவறான எண்ணம் இன்னும் சுவையானது. சுயமரியாதை இயக்கம் வந்ததால்தான் நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாமல் போயிற்று என்று தமிழர்களே சொல்லக் கேட்கலாம். இதில் பாதி உண்மை. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகு படிப்படியாக, கட்சி வேறுபாடின்றி, பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வது தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் அருகிப்போயிற்று. ஆனால் கைவிடப்பட்டது பட்டம். குடும்பப் பெயர் இங்கே அதற்கு முன்பும் பரவலாக இருந்ததில்லை. பிள்ளை என்றோ முதலியார் என்றோ எழுதிக்கொண்டவர்கள் எண்ணற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தச் சொல் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்திலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

ஊரையும் தந்தையையும் முன்னால் வைத்துத் தன் பெயரைக் கடைசியில் சொல்லும் முறை மிகப் பழையது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற சங்கப் புலவரின் பெயரே அதற்குச் சான்று. உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயர்களில் தந்தையின் இடத்தில் தொழில் வந்து நிற்கிறது. இந்த அமைப்பைச் சுருக்கி எழுத்தாக்கினால் இன்றைய தலைப்பெழுத்து முறை கிடைத்துவிடும். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை, ஆங்கில எழுத்துக்கணக்கில் சி. என். அண்ணாதுரை ஆனார். எல்லாத் தலைப்பெழுத்தும் தந்தையுடையது என்று கொள்வதும் தவறு, எம். எஸ். சுப்புலட்சுமியின் இரண்டு எழுத்துகளும் மதுரையையும் தாயார் சண்முகவடிவையும் குறிப்பவை.

இதன் மறுபக்கமாக, பழங்காலப் பெயர்களின் ஈற்றில் இன்றைய குடும்பப் பெயரைத் தேடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மௌரியப் பேரரசன் சந்திரகுப்தன் பெயரில் உள்ள 'குப்த', சந்திரனால் காக்கப்பட்டவன் என்ற ஒரே தொடரின் பகுதி. இன்றைய வடநாட்டு வணிகக் குடும்பங்கள் வைத்திருக்கும் குப்தா என்ற பெயரோடு அதைச் சேர்த்து வம்சாவளி எழுதுவது பொருந்தாது. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்ற பல்லவர் பெயர்களின் 'வர்மன்' அரசருக்குரிய ஈறு. அந்தணருக்குச் சர்மா, அரசருக்கு வர்மா, வணிகருக்குக் குப்த, நான்காம் வருணத்தாருக்குத் தாச என்ற வகைப்பாடு விஷ்ணு புராணத்தில் வருவது உண்மைதான். ஆயினும் அது எப்படிப் பெயர் சூட்ட வேண்டும் என்று நூல் விரும்பிய விதி. மக்கள் எப்படிப் பெயர் சூட்டிக்கொண்டார்கள் என்பதற்கான பதிவேடாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. இன்று வர்மா என்ற பெயரைக் கேரளத்து அரச குடும்பங்களும் வடநாட்டுக் காயஸ்தரும் பொற்கொல்லரும் குர்மி வேளாண் குடிகளும் தாங்குகிறார்கள். சர்மா என்று எழுதும் கைவினைஞர் குடும்பங்களும் உண்டு.

ஒரு பெயர் சமயத்தை அல்லது சாதியைத்தான் குறிக்கும் என்று நம்புகிறவர்களுக்குப் பதவிப் பெயர்கள் நல்ல மாற்று மருந்து. மராட்டிய அரசின் தலைமை அமைச்சர்களான பேஷ்வாக்களின் ஆட்சியில் நிதிப்பொறுப்பு வகித்துப் புகழ்பெற்ற நானா பட்னவிஸின் இயற்பெயர் பாலாஜி ஜனார்த்தன பானு. பானு என்பதே குடும்பப் பெயர். பட்னவிஸ் என்பது கணக்கு எழுதும் அதிகாரியின் பதவிப் பெயர், அதுவும் பாரசீகத்திலிருந்து வந்தது. சிட்னிஸ், சப்னிஸ், போட்னிஸ் என்று அதே ஈற்றோடு முடியும் மராட்டியப் பெயர்கள் எல்லாம் எழுத்தர் உத்தியோகங்களின் நினைவுகளே. குல்கர்னி ஊர்க்கணக்கர், பாட்டீல் ஊர்த்தலைவர், தேஷ்முக் பல ஊர்கள் அடங்கிய வட்டாரத்தின் அதிகாரி. வங்கத்தில் மஜும்தார் ஆவணக் காப்பாளர். சர்க்கார், சௌத்ரி, பிஸ்வாஸ் ஆகியவையும் முகலாயர், நவாபுகள் காலத்து நிர்வாகத்தோடு தொடர்புடையவை. பதவி யாருக்குக் கிடைத்ததோ அவருடைய சந்ததி அந்தப் பெயரைத் தாங்கியது; ஆகவே சௌத்ரிகளிலும் தேஷ்முக்குகளிலும் இந்துக்களும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள், ஒரே சமயத்துக்குள் பல சாதியினரும் இருக்கிறார்கள். 'இந்துப் பெயர்' என்று நாம் வகைப்படுத்தும் பலவற்றின் வேர் பாரசீகச் சொல்லில் இருக்கிறது என்பது சிலருக்குக் கசக்கலாம். பெயரின் வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

சிங் என்றால் சீக்கியர் என்று முடிவுசெய்வதும் இதே வகைதான். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கிய அமைப்பை நிறுவியபோது ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்று பெயரிட்டார். அதற்கு முன்பிருந்தே ராஜபுத்திரர்கள் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மன்மோகன் சிங் சீக்கியர், வி. பி. சிங்கும் சரண் சிங்கும் இந்துக்கள். மணிப்பூரின் மெய்தெய் மக்களிடமும் இந்தப் பெயர் வழங்குகிறது.

ஒலி ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்று என்று எண்ணுவது அடுத்த பிழை. குஜராத்தி வணிகர்களின் 'ஷா' பெருவணிகரைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா' வேறு. காந்தி என்ற பெயர் நறுமணப் பொருளும் பலசரக்கும் விற்றவர்களைச் சுட்டியது. குஜராத்தி இந்துக்களிடமும் பார்சிகளிடமும் பஞ்சாபியரிடமும் தனித்தனியே வழங்குகிறது. இந்திராவின் கணவர் பெரோஸ் பார்சி குடும்பத்தவர். அண்ணல் காந்தியோடு அவருக்கு உறவு இல்லை. இந்த எளிய செய்தியைக்கூட ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது! ஒடியாவில் தாஷ் என்று எழுதுவோர் பிராமணர், தாஸ் என்று எழுதுவோர் கரணர் முதலிய பிறர் என்ற வேறுபாடு எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் இரண்டையும் 'தாஸ்' என்று எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மாறாக, வடிவம் வேறாக இருப்பதால் பெயரும் வேறு என்று எண்ணக் கூடாத இடமும் உண்டு. முகோபாத்யாய – முகர்ஜி, பந்த்யோபாத்யாய – பானர்ஜி, சட்டோபாத்யாய – சாட்டர்ஜி ஆகிய இணைகளில் நீண்டது வங்க எழுத்து வழக்கு, குறுகியது பேச்சிலும் ஆங்கிலத்திலும் நிலைத்தது. பிரணாப் முகர்ஜியின் பெயரை வங்க நாளேடுகள் முகோபாத்யாய என்றே எழுதின. தாகூர் என்பதும் தாக்குர் என்ற மரியாதை விளியின் ஆங்கில உருவம்தான். அந்தக் குடும்பத்தின் முந்தைய பெயர் குஷாரி.

பெயர் மாறாத ஒன்று என்ற நம்பிக்கையை இத்தகைய குடும்பங்களே உடைக்கின்றன. நேருவின் முன்னோர் கௌல் என்ற காஷ்மீரிப் பெயர் உடையவர்கள். தில்லியில் கால்வாய்க் கரையில் வீடு அமைந்ததால், கால்வாயைக் குறிக்கும் 'நஹர்' என்ற சொல்லிலிருந்து நேரு வந்தது என்று ஜவாஹர்லால் நேருவே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அம்பேத்கரின் குடும்பப் பெயர் சக்பால். அம்பேத்கர் என்பது பூர்விக ஊரான அம்படவேயிலிருந்து பிறந்தது. தீனாநாத் மங்கேஷ்கரின் பெயர் கோவாவின் மங்கேஷி ஊரையும் அதன் கோயிலையும் சார்ந்தது. மராட்டியத்தில் 'கர்' ஈறு ஊரைத்தான் சுட்டுகிறது. எந்தச் சாதி என்பதை அதிலிருந்து படிக்க இயலாது.

குடும்பப் பெயரையும் கோத்திரத்தையும் ஒன்றாகக் குழப்புவதுதான் திருமணப் பேச்சுகளில் அதிகம் நேர்கிறது. பரத்வாஜ், காஷ்யப், கௌசிக் என்று கோத்திரத்தையே பெயராக்கிக் கொண்டவர்கள் இருப்பது இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. பொதுவாக ஒரே குடும்பப் பெயருக்குள் பல கோத்திரங்கள் இருக்கும். ஒரே கோத்திரம் பல மொழிகளிலும் பல பெயர்களிலும் பரவியிருக்கும். கொங்கு நாட்டில் மண உறவை முடிவுசெய்வது கவுண்டர் என்ற பட்டமா என்றால் இல்லை. உள்ளே இருக்கும் 'கூட்டம்' பார்க்கப்படுகிறது, ஒரே கூட்டத்தார் பங்காளிகளாகக் கருதப்படுகிறார்கள். நகரத்தாரிடம் அந்த வேலையை இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில் பிரிவுகளும் அவற்றின் உட்பிரிவுகளும் செய்கின்றன. சட்டத்தின் பார்வை வேறு: ஒரே கோத்திரத்தில் நடக்கும் இந்துத் திருமணத்துக்கு இருந்த தடையை 1946ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது; 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் கோத்திரத்தைத் தடையாகக் கொள்ளவில்லை, குறிப்பிட்ட தலைமுறைக்குள் வரும் நெருங்கிய இரத்த உறவையே தடுக்கிறது.

மணமானால் பெண் பெயரை மாற்றியாக வேண்டும் என்பதும் சட்டம் சொல்லாத ஒன்று. அது வழக்கம், கட்டாயம் இல்லை. மறுமணம் செய்துகொண்ட, குழந்தையின் இயற்கைக் காப்பாளராக எஞ்சியிருக்கும் தாய் அந்தக் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவுசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கடல் கடந்தவர்களின் பெயர்களை ஊர் அளவுகோலால் அளப்பதும் சரிவராது. 1834 முதல் மொரீஷியசுக்கும் 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் சொந்தப் பெயரோ பட்டமோ அங்கே பதிவேட்டில் ஏறி, பேரப்பிள்ளைகளுக்கு நிலையான குடும்பப் பெயராயிற்று. டர்பனில் நாயுடு என்றும் மூட்லி (முதலியார் என்பதன் திரிபு) என்றும் பெயர் உள்ள ஒருவரிடம் அந்தப் பட்டத்துக்குரிய சாதி வழக்கங்களை எதிர்பார்ப்பது வீண்.

இனி ஆவணங்கள். குடும்பப் பெயர் இல்லாத தமிழர் கடவுச்சீட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் சில நாடுகளில் சிக்கல் எழும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுகளுக்கு வருகை விசா மறுக்கப்படும் என்று அறிவித்தது. பின்னர், தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அடுத்த பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. முழுப் பெயரையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிட்டால், அமெரிக்க விசாவில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (இயற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். தந்தை பெயரைக் கடைசியில் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் வெளிநாட்டு அலுவலகங்களில் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுவோம் என்பதையும், பிள்ளைக்கு அதே பெயரைத் தொடர்வதா, நம் பெயரைக் கொடுப்பதா என்பதையும் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே முடிவுசெய்துகொள்ள வேண்டும். பான் அட்டை விண்ணப்பம் பெயரில் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதக் கேட்கும். ஒற்றைப் பெயர் உடையவர்கள் அதைக் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் நிரப்ப வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் அந்த விரிவு அமைந்துவிட்டால், இரண்டும் ஒருவரே என்று நிறுவ உறுதிமொழிப் பத்திரமும் அரசிதழ் அறிவிப்பும் தேவைப்படலாம். ஆகையால் விரித்தெழுதும் முறையை முதல் ஆவணத்திலேயே தீர்மானித்து, எழுத்துக்கூட்டல் உட்பட எல்லாவற்றிலும் அதையே கொடுப்பது நல்லது.