உங்களுக்குப் பிடிச்ச பாட்டை மற்ற ஆளும் முழுசாக் கேக்கோணும் எண்டால்

வட்சப்பில ஒரு ஆளுக்கு பத்து யூரியூப் லிங்கை ஒண்டாக் கொட்டிப்போட்டு "மச்சான் கேட்டுப்பார் சோக்கா இருக்கும்" எண்டு எழுதினால் அவர் ஒண்டையும் கேக்கமாட்டார், நீலச் சரி ரெண்டு விழும், அவ்வளவுதான். ஒரு நேரத்தில ஒரு பாட்டு மட்டும் அனுப்புங்கோ. அந்தப் பாட்டில அந்த ஆளின்ர காதுக்கு ஏற்கனவே பழக்கமான ஏதோ ஒண்டு இருக்கோணும், ஒரு மேளமோ ஒரு தாளமோ ஒரு குரலோ, அதைப் பிடிச்சுக்கொண்டுதான் ஆக்கள் புதுப் பாட்டுக்குள்ள வருவினம். "உலகத்திலேயே திறமான பாட்டு" எண்டு சொல்லி அனுப்பினால் சனம் அதைக் கேக்கிறதுக்கு முதலே சண்டைக்குத்தான் வரும்.

முதல்ல அவர் என்ன கேக்கிறவர் எண்டு பிடியுங்கோ. "உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்" எண்டு கேட்டால் எல்லாரும் சொல்லுற மறுமொழி "எல்லாம் கேப்பன்", அதில ஒரு பிரயோசனமும் இல்லை. போன கிழமை திருப்பித் திருப்பிக் கேட்ட பாட்டு எது எண்டு கேளுங்கோ. வயசான ஆக்களிட்ட எண்டால் திருவிழாவில ஆர்ட கச்சேரிக்கு விடிய விடிய இருந்தனீங்கள் எண்டு கேளுங்கோ, பேந்து ஒரு மணித்தியாலம் நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை, அளவெட்டி பத்மநாதன்ர நாதஸ்வரம், தெட்சணாமூர்த்தியின்ர தவில், மயான காண்டம் நாடகத்தில வைரமுத்துவின்ர குரல் எண்டு வரிசையா வரும். அதுக்குள்ளதான் உங்களுக்குத் தேவையான துரும்பு இருக்கு.

நாதஸ்வரம் கேட்டு வளந்த ஒரு அப்பாவுக்கு ஜாஸ் எண்ட அமெரிக்க இசையைக் குடுக்கிறது எப்பிடி எண்டு சொல்லுறன், இதுதான் எனக்கு எல்லாத்திலயும் விருப்பமான வேலை. ஜோன் கோல்ட்ரேன் எண்ட அமெரிக்கச் சக்சபோன்காரர் 1961ல வெளியிட்ட மை ஃபேவரிட் திங்ஸ் எண்ட பாட்டைப் போடுங்கோ. மூலம் ஒரு மேடை நாடகத்தில வந்த சின்னப்பிள்ளைப் பாட்டு மாதிரியான மெட்டு, அதை எடுத்து அந்தாள் சொப்ரானோ சக்சபோனில 13 நிமிசத்துக்கு மேல விரிச்சுக்கொண்டு போவார். சொப்ரானோ சக்சபோன் வளையாமல் நேரா இருக்கும், பாக்கவே எங்கட குழல் மாதிரி, சத்தமும் மூக்கால வாற அந்த இறுக்கமான சத்தம்தான். அடியில பியானோ ஒரே சுத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், மேல கோல்ட்ரேன் மெட்டைத் தொடுறதும் விடுறதுமா நிப்பார். அப்பாவுக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஒரே வசனம், "அப்பா, சுருதியைப் பிடிச்சுக்கொண்டு ராகம் விரிக்கிற மாதிரித்தான் இதுவும், மெட்டு எத்தினை தரம் திரும்பி வருது எண்டு மட்டும் பாருங்கோ". ஜாஸ் எண்ட சொல்லையே எடுக்காதேங்கோ. (இந்தியச் சங்கீதத்தில அந்தாளுக்கு அவ்வளவு விருப்பம், ரவிசங்கரை நினைச்சுத்தான் தன்ர மகனுக்கு ரவி எண்டு பேர் வைச்சவர், இதையும் சொன்னால் அப்பாவுக்குப் புழுகம் வரும்.) கோல்ட்ரேன் கடைசிக் காலத்தில வாசிச்ச தாளக்கட்டு இல்லாத ஆவேசமான இசைத்தட்டுகளை முதல் கிழமையே குடுத்திடாதேங்கோ, பேந்து உங்கட லிங்க் ஒண்டையும் மனுசன் திறக்கமாட்டார். அடுத்த படி கத்ரி கோபால்நாத், கர்நாடக சங்கீதத்தைச் சக்சபோனில வாசிச்சவர், ருத்ரேஷ் மகந்தப்பா எண்ட அமெரிக்க ஜாஸ்காரரோட சேந்து 2008ல கின்ஸ்மென் எண்டு ஒரு ஆல்பம் செய்தவர், அங்கால அப்பா தானே தேடத் துவங்குவார்.

மேளச் சத்தத்தில உருகிற ஆக்களுக்கு எம்.ஐ.ஏ. எண்ட லண்டன் தமிழ்ப் பாடகியின்ர பேர்ட் ஃப்ளூ சரி. சின்ன வயசில யாழ்ப்பாணத்தில இருந்த பிள்ளை எண்டு சொன்னாலே சனம் ஒருக்காக் கேக்கும், அதுக்கு மேல அந்தப் பாட்டு முழுக்க உறுமி மேளம். சொல் விளங்கேல்ல எண்டாலும் பரவாயில்லை, அடி விளங்கும்.

சிங்களப் பாட்டு எண்டால் முகத்தைச் சுழிக்கிற ஆக்களும் இருக்கினம், அதுக்கு எங்கட பக்கத்தில காரணமும் கிடக்கு, வற்புறுத்தக்கூடாது. ஆனா பைலாத் தாளம் எங்கட ஆக்களுக்குப் புதுசே இல்லை, போத்துக்கீசர் வந்த காலத்தில இருந்து இந்தத் தீவில நிக்கிற தாளம் அது. நித்தி கனகரத்தினத்தின்ர சின்ன மாமியேக்கும் ஏ.ஈ. மனோகரன்ர சுராங்கனிக்கும் கலியாண வீட்டில ஆடாத கால் எது? அதுக்குப் பின்னால சுனில் பெரேராவின்ர ஜிப்சீஸ் எண்ட சிங்களக் குழுவின்ர பாட்டு ஒண்டைப் போட்டுவிடுங்கோ, ஆள் எழும்பி ஆடின பிறகு பாசையைப் பற்றிக் கதைக்கலாம். சங்கீதக்காரருக்கு எண்டால் சிங்களப் பாடகர் அமரதேவ, அவர் லக்னோவில ஹிந்துஸ்தானி படிச்சவர், ராகம் கேட்ட காது உடன பிடிக்கும்.

மெற்றல் எண்ட கடும் ரொக் இசையைத்தான் கடத்துறது கஷ்டம். கத்துற பாட்டை முதல் அனுப்பினால் அம்மா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டிவிடுவா. நான் சொல்லுற வழி கொஞ்சம் சுத்து: இளையராஜாவின்ர 1986 ஆல்பம், ஹவ் டு நேம் இற், அதில பாஹ் எண்ட பழைய ஜேர்மன் இசையமைப்பாளரும் தியாகராஜரும் ஒரே வீட்டில இருப்பினம், அதைக் கேட்ட ஆளுக்கு பாஹின்ர வயலின், பேந்து அதே மாதிரி ஓட்டத்தைக் கிற்றாரில வாசிக்கிற மெற்றல்காரர் இங்வே மால்ம்ஸ்டீன். இவ்வளவும் நடக்க மாதக்கணக்கும் ஆகலாம், அவசரப்படாதேங்கோ.

பாட்டோட எழுதுற குறிப்பில விக்கிப்பீடியாவை வெட்டி ஒட்டாதேங்கோ. எந்த இடத்தைக் கேக்கோணும், ஏன் உங்கட ஞாபகம் வந்தது, இந்த ரெண்டும் காணும். "தங்கச்சி, ரெண்டாவது நிமிசத்தில மேளம் நிண்டு குரல் மட்டும் தனிய வரும், நீ சின்னனில பிரார்த்தனைக்குப் பாடின மாதிரி இருந்தது, அதுதான் அனுப்பினனான்." இப்பிடி வந்தால் ஆர் கேக்காமல் விடுவினம்? யூரியூப்பில கொம்பியூட்டரால ஷேர் பண்ணேக்க, எந்த நிமிசத்தில துவங்கோணும் எண்டு போடுறதுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கு, அதில சரி போட்டால் லிங்க் நேரா அந்த இடத்தில திறக்கும். 13 நிமிசப் பாட்டுகளுக்கு இது பெரிய உதவி. எழுதிறதை விட வொய்ஸ் நோட் நல்லது, அந்த இடத்தை நீங்களே ஒருக்கா முணுமுணுத்துக் காட்டலாம், சுருதி பிசகினாலும் ஒருத்தரும் வழக்குப் போடமாட்டினம்.

எதில கேக்கினம் எண்டதையும் பாருங்கோ. ரெகே எண்ட ஜமைக்கா இசை மாதிரிப் பாட்டுக்கு உயிரே பேஸ் கிற்றார்தான், அந்தக் கீழ்ச்சத்தம் போன் ஸ்பீக்கரில வராது, பொப் மார்லியைப் போனில கேட்டிட்டு "என்ன இது வெறும் டிக் டிக் எண்டு கிடக்கு" எண்டு ஒருத்தர் சொன்னால் அவரில பிழையில்லை. இயர்போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்கோ. பருத்தித்துறை மினிபஸ்ஸுக்குள்ள நிண்டு கேக்கிற ஆளுக்கு ஒண்டும் அனுப்பாதேங்கோ, ட்ரைவர் அண்ணையின்ர பாட்டை வெல்ல ஏலாது.

ஏலுமெண்டால் நேரில கூடுங்கோ. ஆளுக்கு ஒரு பாட்டு, அஞ்சு நிமிசத்துக்குள்ள, புளூரூத் ஒரே ஒரு ஆளின்ர போனில (இல்லாட்டி பாதி நேரம் கனெக்ட் பண்ணுறதிலயே போயிடும்), பாட்டு ஓடேக்க கதை இல்லை, பிளேன்ரீயும் வடையும் இடைவேளையில. தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலத்தில எங்கட சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, சுத்துற ஆளுக்குக் கை நோகும், அதால வாற பாட்டு எந்தப் பாட்டெண்டாலும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கடைசி மட்டும் கேட்டவை. இப்ப ஸ்கிப் பண்ண ஒரு விரல் காணும். அதாலதான் கூடி இருக்கேக்க போனைக் குப்புற வைக்கச் சொல்லுறன்.

வெளிநாட்டில இருக்கிற மச்சான் மச்சாளோட எண்டால் ஸ்பொட்டிஃபையில எல்லாரும் பாட்டுச் சேக்கக்கூடிய மாதிரி ஒரு பிளேலிஸ்ட் திறக்கலாம், 2021ல இருந்து இலங்கையிலயும் அது வேலை செய்யுது. கிழமைக்கு ஆளுக்கு ஒண்டு எண்டு கட்டுப்பாடு வையுங்கோ, இல்லாட்டி ரொறொன்ரோவில இருக்கிற ஒருத்தர் ஒரே இரவில நூறு பாட்டு ஏத்திப்போட்டு நித்திரைக்குப் போயிடுவார்.

மற்ற ஆக்கள் உங்களுக்குத் திருப்பி அனுப்புற பாட்டையும் கேளுங்கோ, பாதியில நிப்பாட்டிப்போட்டு "நல்லாருக்கு" எண்டு போடாதேங்கோ, எந்த இடத்தில அலுத்தது எண்டு சொன்னால்தான் அவர் அடுத்த முறை உங்களுக்குச் சரியானதா அனுப்புவார். பெரியம்மா காலமை காலமை அனுப்புற சீர்காழி கோவிந்தராஜன்ர பக்திப்பாட்டும் இந்தக் கணக்குத்தான், அதையும் ஒருக்கா முழுசாக் கேட்டிட்டு, பதிலுக்கு நுஸ்ரத் பதே அலி கான் எண்ட பாகிஸ்தான்காரரின்ர கவ்வாலி எண்ட சூபி பக்திப்பாட்டை அனுப்பிப் பாருங்கோ, "பெரியம்மா இதுவும் கடவுள் பாட்டுத்தான், கை தட்டிக்கொண்டு ஒராள் பாட மற்றவை திருப்பிப் பாடுவினம், எங்கட பஜனை மாதிரி" எண்டு. அரை மணித்தியாலம் ஓடுற கவ்வாலியும் இருக்கு, ஆறேழு நிமிசத்தில முடியிறதாப் பாத்து எடுங்கோ, அவ பூசைக்குப் போகோணும்.