மலிவு விலை டி.ஏ.சி.யை வீட்டில் சோதித்துப் பார்ப்பது எப்படி

கணினியிலிருந்து வரும் எண்களை மின்னலைகளாக மாற்றித் தருவது டி.ஏ.சி.; அந்த அலைகளுக்கு ஹெட்போனை இயக்கும் வலுவைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபையர். ஃபியோ இ10கே போன்ற சிறு கருவிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. வேலை செய்யத் தேவையான மின்சாரத்தையும் அவை யுஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. இப்படியொரு கருவியை வாங்கியபின், திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள், அது நமக்கு உண்மையில் உதவுகிறதா என்று கண்டறியும் முறையை எழுதுகிறேன். பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

கருவி வந்து சேருமுன்பே, இப்போது பயன்படுத்தும் கணினியின் ஹெட்போன் துளையில் என்ன குறை இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு, ஒலியளவை வழக்கமான இடத்திலேயே வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்துங்கள். ஒரு பெரிய பக்கத்தை மேலும் கீழும் உருட்டுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகியும் எடுத்தும் கேளுங்கள். என் பழைய மடிக்கணினியில் மவுஸ் நகரும்போதெல்லாம் மெல்லிய கீச்சொலி கேட்கும். வீணையின் ஒரு மீட்டு தேய்ந்து மறையும் இடத்தில் அது காதை உறுத்தும். வெளிக் கருவி தெளிவாகத் தீர்த்துவைக்கும் குறை இதுதான். ஆனால் இந்தச் சோதனைக்குப் பழைய நாடாப் பதிவுகளை எடுக்கக் கூடாது. அவற்றிலேயே பதிந்திருக்கும் இரைச்சலை எந்தக் கருவியாலும் போக்க முடியாது.

இரண்டாவது குறை, வலு போதாமை. 32 ஓம் மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை) ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் உணர்திறனும் (அந்த மின்திறனுக்கு எழும் ஒலியளவு) கொண்ட ஹெட்போன், 110 டெசிபெல் உச்சத்தை எட்டச் சுமார் 0.32 வோல்ட் போதும். அதைப் பெரும்பாலான கணினிகள் எளிதில் தந்துவிடும். 300 ஓமும் 97 டெசிபெலும் உள்ள ஹெட்போனுக்கோ அதே உச்சத்திற்கு ஏறத்தாழ 2.45 வோல்ட் வேண்டும். முதல் வகை ஹெட்போனை வைத்திருப்பவர் வலுவுக்காக ஆம்ப்ளிஃபையர் வாங்கத் தேவையில்லை.

மூன்றாவது, வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஹெட்போனைச் செருகும் துளையின் பக்கம் உள்ள மின்மறுப்பு. என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளர், 2011இல் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை யாவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு போகக் கூடாது என்ற விதியைப் பரவலாக்கியவரும் அவரே. 32 ஓம் ஹெட்போனுக்கு இது 4 ஓம். இதை மீறினால், மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஹெட்போன்களில் கீழ்ச்சுருதிகள் தடித்தோ மேற்சுருதிகள் மங்கியோ ஒலிக்கக்கூடும்.

கருவியை இணைத்ததும், விண்டோஸின் ஒலி அமைப்புகளில் ‘மேம்பாடுகள்’ என்ற பெயரில் இருக்கும் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். குறுந்தகட்டிலிருந்து எடுத்த பாடல்கள் என்றால் மாதிரி வீதத்தை (ஒரு நொடி ஒலி எத்தனை எண்களாகப் பதிகிறது என்பதை) 44.1 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். கணினியின் ஒலியளவை முழுதாக ஏற்றிவிட்டு, கருவியின் குமிழால் கட்டுப்படுத்துங்கள். குமிழ் தொடக்கத்திலேயே நிற்கும்போது மலிவுக் கருவிகளில் இடது வலது ஒலிகள் சமமாக இராமல் போகலாம். ஆகவே ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தேர்ந்தெடுக்கும் கெயின் சுவிட்சைக் குறைந்த நிலையில் வைத்துக் குமிழைச் சற்று அதிகம் திருப்பிக் கேட்பது நல்லது.

இனிச் சொல்வது பலரும் தவறவிடும் பகுதி. இரண்டு ஒலிகளில் ஒன்று மிகச் சிறிதளவு உரக்க இருந்தாலும், நம் காது அதை ‘உரக்க இருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது’ என்றே உணர்கிறது. புதிய கருவி பழையதைவிட உரக்க ஒலிப்பது இயல்பு என்பதால், ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. இதற்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மிக மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் ஏசி (மாறுமின்னோட்ட) அளவீடு 200 வோல்ட் வரம்பிலிருந்தே தொடங்குவதால் அவை பயன்படா. 2 வோல்ட் ஏசி வரம்பு உள்ளதைத் தேடுங்கள். 100 ஹெர்ட்ஸ் சைன் அலைக் (ஒரே சுருதியில் நீடிக்கும் ஒலி) கோப்பு ஒன்றை ஓடவிட்டு, ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பியின் ஒரு கிளையில் ஹெட்போனையும், மறு கிளையில் மறுமுனை வெட்டிய பழைய 3.5 மில்லிமீட்டர் கேபிளையும் செருகி, இடது கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே அளவெடுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. அளக்கும்போது ஹெட்போன் காதில் இருக்கவும் கூடாது. கணினித் துளையில் 0.200 வோல்ட் வந்தால், புதிய கருவியின் குமிழையும் 0.198க்கும் 0.202க்கும் இடையே நிறுத்துங்கள், வேறுபாடு 0.1 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தைக் குமிழின்மேல் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வீட்டிலுள்ள ஒருவரின் உதவியோடு மறைவுச் சோதனை செய்யலாம். நீங்கள் திரும்பி உட்கார்ந்திருக்க, அவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்றிலும் பூ விழுந்தால் மற்றதிலும் ஹெட்போனைச் செருகட்டும். நீங்கள் நன்றாக அறிந்த ஒரே பாட்டின் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு எது என்று சொல்லுங்கள். 16 முறைகளில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் மட்டுமே வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தால் அந்த எண்ணிக்கையை எட்டும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அலுப்புத் தட்டினால் எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு நாளில் செய்யுங்கள். சோர்ந்த காதை நம்ப முடியாது.

கெடு முடிவதற்குள் அன்றாடப் பழக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினியைத் தூங்கவைத்து எழுப்பியபின் கருவி தானாக இணைகிறதா, கருவியை இயக்கும்போது ஹெட்போனில் பலத்த ‘டப்’ ஒலி எழுகிறதா, இரண்டு மணி நேரம் ஓடியபின் ஒலி அறுந்து அறுந்து வருகிறதா என்று கவனியுங்கள். ஒலி அறுபட்டால், முதலில் யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகி, வேறொரு கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அறுபட்டால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.