தமிழ்ல கட்டுரை எழுதி காசு பாக்கணும்னா மொதல்ல ரேட்ட பேசுங்க

நல்லா எழுத வரும், வீட்ல இருந்தே மாசம் கொஞ்சம் காசு பாக்கணும், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அவங்களுக்காக தான் இது. ஆறு வருஷமா இந்த வேலைல இருக்கேன், சுத்தி வளைக்காம சொல்றேன், சொந்தமா ஒரு வெப்சைட் ஆரம்பிச்சு விளம்பர காசு வரும்னு மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க. மொதல்ல அடுத்தவங்களுக்கு எழுதி கொடுத்து கைல காசு வாங்குங்க, சைட் ஒரு பக்கம் மெதுவா வளரட்டும்.

நம்ம சைட்ல விளம்பரம் போட்டு அதுக்கு காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018ல தான். கணக்குல 10 டாலர் சேந்ததும் வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அத போட்டு வெரிஃபை பண்ணணும், அப்புறம் 100 டாலர் தொட்டா தான் பணம் பேங்குக்கு வரும், அதுவும் அடுத்த மாசம் 21ல இருந்து 26 தேதிக்குள்ள. எனக்கு அந்த முதல் 100 டாலர் சேர பதினாலு மாசம் ஆச்சு. அந்த பதினாலு மாசமும் கரண்ட் பில்லு, நெட் ரீசார்ஜ் எல்லாம் கட்டினது ஆர்டருக்கு எழுதின காசுல தான்.

ஆர்டர் எங்க கிடைக்கும்னா, டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிங்க, நியூஸ் ஆப்புங்க, யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட் கேக்கறவங்க, அப்புறம் உங்க ஊர்லயே இருக்கற நகைக்கடை, சித்தா கிளினிக், பிளாட் போட்டு விக்கறவங்க. இவங்க யாரும் உங்க டிகிரிய கேக்க மாட்டாங்க, சாம்பிள் தான் கேப்பாங்க. மூணு சாம்பிள் போதும், ஆனா மூணும் நீங்க நேர்ல பாத்த விஷயமா இருக்கணும், இத மட்டும் விட்டுடாதீங்க.

எங்கப்பா வாங்குன நிலத்துக்கு பட்டா பேர் மாத்த அவர் கூட இ-சேவை மையத்துக்கு போனேன். அங்க இருந்த பொண்ணு கேட்ட முதல் கேள்வியே "உட்பிரிவு உண்டா, இல்லையா?" தான். அப்பாவுக்கு தெரியல, எனக்கும் தெரியல. பத்திரத்த புரட்டி பாத்தா அந்த சர்வே நம்பர்ல பாதி தான் எங்களுது, அப்போ உட்பிரிவு பண்ணணும், சர்வேயர் வந்து அளக்கணும். எங்களுக்கு பின்னாடி நின்ன ரெண்டு பேருக்கும் இதே குழப்பம். அங்க கேட்ட கேள்விய எல்லாம் ஜெராக்ஸ் பேப்பர் பின்னாடியே எழுதிட்டு வந்து அன்னிக்கு ராத்திரி கட்டுரையாக்குனேன். வழக்கமா இந்த மாதிரி கட்டுரை எல்லாம் "பட்டா என்பது நில உரிமையை குறிக்கும் முக்கிய ஆவணம் ஆகும்"னு தான் ஆரம்பிக்கும், வரிசைல நிக்கறவனுக்கு அது எதுக்கு? நான் "நீங்க வாங்குனது சர்வே நம்பர் முழுசுமா, இல்ல அதுல ஒரு பகுதியா, மொதல்ல பத்திரத்துல பாருங்க"ன்னு ஆரம்பிச்சேன். அந்த ஒரு சாம்பிள காட்டி தான் எனக்கு நாலு இடத்துல வேலை கிடைச்சுது.

இப்ப ரேட். நான் ஆரம்பிச்சப்ப வார்த்தைக்கு 30 பைசா, 600 வார்த்தை எழுதுனா 180 ரூபா, அரை நாள் போயிடும். அப்புறம் தான் புரிஞ்சுது, தமிழ்ல வார்த்தை கணக்கே நமக்கு நஷ்டம். இங்கிலீஷ்ல அஞ்சு வார்த்தைல சொல்றத நாம "என்னால போயிருக்க முடியாது"ன்னு மூணே வார்த்தைல முடிச்சிடறோம், தமிழ் அப்படி ஒட்டி ஒட்டி வர்ற பாஷை. அதனால மொழிபெயர்ப்பு வேலைன்னா மூலத்துல இருக்கற இங்கிலீஷ் வார்த்தை எண்ணிக்கைக்கு ரேட் கேளுங்க, சொந்த கட்டுரைன்னா முழு கட்டுரைக்கு இவ்ளோன்னு பேசுங்க. எத்தன தடவ திருத்தி கொடுக்கணும், காசு எந்த தேதில வரும், இதையும் மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. நான் ஒரு சைட்டுக்கு வாய் பேச்ச நம்பி பன்னெண்டு கட்டுரை கொடுத்தேன், பதிமூணாவதுக்கு முன்னாடி காசு கேட்டதும் போன எடுக்கறதையே விட்டுட்டாங்க, கைல எழுத்துல ஒண்ணும் இல்லாததால ஒண்ணும் பண்ண முடியல. இப்பல்லாம் புது ஆளுன்னா ரெண்டு கட்டுரை, காசு, அப்புறம் தான் அடுத்தது.

காசு கேட்டு அனுப்பற பில்லுல, அதாவது இன்வாய்ஸ்ல, பேர், பான் நம்பர், பேங்க் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, கட்டுரை தலைப்பு எல்லாம் இருக்கணும். ஒரே கம்பெனில இருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாய தாண்டுனா (2025 ஏப்ரலுக்கு முன்னாடி இது 30,000) 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பாங்க, பான் கொடுக்கலன்னா 20. பிடிச்ச காசு போச்சுன்னு விட்டுடாதீங்க, வருமானம் வரி கட்டற அளவுக்கு இல்லன்னா ரிட்டர்ன் ஃபைல் பண்ணி திரும்ப வாங்கிக்கலாம்.

ஏஐ வச்சு ஒரு நாளைக்கு இருபது கட்டுரை போடலாம்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. 2024 மார்ச்ல இருந்து கூகுள் அப்படி மொத்தமா தயாரிச்சு கொட்டுறத ஸ்பாம்னே வச்சிருக்கு, அதோட சர்வேயர் எப்ப வருவாருன்னு தெரியாம தவிக்கறவனுக்கு அது ஒண்ணும் சொல்லாது.

அப்புறம் பிடிஎஃப்ப பாத்து டைப் பண்ணுங்க, பதிவு கட்டணம் கட்டுங்கன்னு யாராவது கூப்டா உடனே கட் பண்ணிடுங்க. டைப் பண்ணி முடிச்சதும் தப்பு இருக்கு, அபராதம் கட்டு, இல்லன்னா வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டுவாங்க, எங்க தெருவுலயே ஒரு தங்கச்சி பயந்து போய் காசு கட்டிடுச்சு. எழுதறவங்க காசு வாங்கணும், கட்டக்கூடாது.

கட்டுரை நிறைய சேந்ததும் அமேசானோட கிண்டில்ல மின்புத்தகமா போடலாம், தமிழுக்கு 2016ல இருந்தே அது இருக்கு. ஆனா இந்தியால 70 சதவீத ராயல்டி வேணும்னா அவங்களோட கேடிபி செலக்ட்ங்கற திட்டத்துல சேரணும், சேந்தா 90 நாளைக்கு அந்த எழுத்து இணையத்துல வேற எங்கயும் இருக்கக்கூடாது. அதனால சைட்ல போட்ட கட்டுரைய அங்கயும் வச்சுக்கிட்டு அப்படியே இந்த திட்டத்துல புத்தகமாக்க முடியாது, ஒண்ணு 35 சதவீதத்துக்கு ஒத்துக்கணும், இல்லன்னா புதுசா எழுதணும். நான் இப்போ பட்டா, வில்லங்கம், வாரிசு சான்றிதழ்னு புதுசாவே எழுதிட்டு இருக்கேன், அதுல ஒரு வரிய கூட சைட்ல போடல.