சிம்பனிக்கு மழைப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

போன ஆனியில் ஆரியங்காவு தாண்டி இரண்டு பையன்கள் குடைக்கடியில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றார்கள். பீத்தோவனின் ஆறாம் சிம்பனியை மேடையில் வாசிக்க, பின்னால் திரையில் வசனமே இல்லாத மழைப்படம் ஓட வேண்டுமாம். "டிரம் விழுற எடத்துல கரெக்டா மின்னல் வெட்டணும்ணே" என்றான் ஹெட்போன் போட்டிருந்தவன். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேமரா ஆடுவது, லென்ஸில் துளி படிவது எல்லாம் அவர்களுக்கே தெரிந்துவிடும். மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

சாரலில் மின்னல் தேடுவது

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் காற்றும் தூறலும்தான். மின்னலுக்குச் சித்திரையிலோ ஐப்பசியிலோ வாருங்கள்.

ரெக்கார்டிங்கை வைத்து வெட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நான்காம் பகுதிதான் புயல். முழு சிம்பனியிலும் டிம்பனி என்கிற பெரிய டிரம் முழங்குவது அங்கே மட்டும்தான். ஒரு பழைய ரெக்கார்டிங்கை டைம்லைனில் போட்டு, முழக்கத்துக்கு ஒரு மின்னலாக, ஃப்ரேம் பிசகாமல் ஒட்டினேன். படத்தை ஓட்டாமலே ஒத்திகையும் முடிந்திருந்தது. மேடையில் இசைக்குழுவை நடத்துகிற கண்டக்டர் ரெக்கார்டிங்கைவிட வேகமாகப் போனார். தப்பு அவர்மேல் இல்லை. முழக்கம் ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாக மின்னல் வந்தது. முன்வரிசையில் என் மாமா, "எய்யா, இடிச்ச பொறவுல்லா மின்னுது! இது எந்த ஊரு மழை?" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குள் ஐந்து இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். கூடுதல் ஒத்திகைக்கு அரங்க வாடகை என் கைக்காசு.

மாமா சொன்னதிலேயே வழியும் இருந்தது. இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர 3 நொடி ஆகும். அதனால் மின்னல் சற்று முந்தினால் மழை பார்த்த யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிந்தினால்தான் மானம் போகும். முந்தியே வையுங்கள். கண்டக்டரிடம் வேகத்தைக் கேட்காமல் எடிட்டிங்கில் உட்காராதீர்கள். ஒவ்வொரு இசைவரி முடிவிலும் பாலருவி, மலைமேல் மஞ்சு என்று இழுத்தாலும் குறைத்தாலும் தாங்குகிற ஷாட் இருக்கட்டும். படத்தைத் துண்டுகளாக்கி, இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்த ஒருவர் கையால் ஓடவிடுங்கள். கடைசி மூன்று பகுதிகளும் நிற்காமல் தொடர்ந்து வரும். அங்கே அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது.

அலகு திறந்த பறவை

இரண்டாம் பகுதி முடிவில் புல்லாங்குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் நைட்டிங்கேல், காடை, குயில் என்று கூவும். அங்கே நம்மூர்ச் சீகாரப் பூங்குருவி அலகைத் திறந்தால் டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும். அது சிறகை உதறுவதைக் காட்டுங்கள், போதும்.

டிரோன்

செந்துருணிக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்து 25-ல் ஓட்டுவது

40 நிமிடப் படத்தில் 96 நொடி காணாமல் போகும். அரங்கத்து மெஷினிலேயே முதல்நாள் ஓட்டிப் பாருங்கள்.