சுருங்கிப்போன ஷ்வேஷ்வே பையைச் சரிசெய்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அத்தை கொண்டுவந்த ஷ்வேஷ்வே (அந்நாட்டின் அச்சிட்ட பருத்தித் துணி) துணிப்பை ஒரே சலவையில் கோணிப்போயிருந்தது. வெளித்துணி சுருங்கிவிட்டது, லைனிங் சுருங்கவில்லை. அதனால் அடிப்பக்கம் உப்பித் தொங்கியது. வெள்ளை லைனிங்கில் நீலச் சாயம் வேறு.

கஞ்சிதான் காரணம்; சலவையில் அது கரைந்துபோனதும் துணி சுருங்கிவிடும். இந்தத் துணி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில், வழியில் கெடாமலிருக்க நன்றாகக் கஞ்சி போடுவார்கள். 1982இல் தென்னாப்பிரிக்காவிலேயே அச்சிடத் தொடங்கிய பிறகும் அந்த விறைப்பை விடவில்லை. தொட்டாலே தெரியும், அதுதான் இதன் அழகும்!

வாய்ப்பக்கத் தையலைப் பிரித்து லைனிங்கை வெளியே எடுத்தேன். புதிதாகக் கருநீலப் பருத்தித் துணியை நனைத்து, லேசான ஈரத்தோடே இஸ்திரி போட்டு, வெளித்துணியின் இப்போதைய அளவுக்கு வெட்டினேன். அப்புறம் 90ஆம் எண் ஊசியில் நிதானமாகத் தைத்தேன். அடி சமமாக உட்கார்ந்துவிட்டது.

தலையணை உறையோ ஏப்ரனோ, எதுவானாலும் துணியைத் தனியாகக் குளிர்ந்த நீரில், நிறம் போவது நிற்கும்வரை அலசிவிட்டு வெட்டுங்கள். அகலம் சுமார் 90 சென்டிமீட்டர்தான், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.