விமான நிலைய விரிவாக்கம்: திட்ட ஆவணத்தைப் படித்து ஆட்சேபணை எழுதுவது எப்படி

விமான நிலையத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்ற செய்தி சுற்றுவட்டார மக்களின் காதுக்கு எட்டும்போது வரைபடங்கள் பெரும்பாலும் தயாராகியிருக்கும். கருத்துச் சொல்வதற்குத் தரப்படும் காலமோ சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இங்கே பேச்சு. "எங்கள் தூக்கம் கெட்டுவிடும், சாலை நெரிசலாகிவிடும்" என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முறையிட்டால், அது நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகப் பதிவாவதோடு முடிந்துவிடும். "இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை எத்தனை விமானங்கள் வந்து போகும் என்ற எண் உங்கள் அறிக்கையில் எங்குமே இல்லை, அதைத் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்டால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம். கவலை நியாயமானதுதான், அதை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதில்தான் நம் வேலை இருக்கிறது.

முதலில் ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டும் போதாது. இரைச்சல் வரைபடம், போக்குவரத்து ஆய்வு, பயணிகள் எண்ணிக்கை பற்றிய கணிப்பு ஆகியவற்றையும் பின்னிணைப்புகளோடு பெற வேண்டும். அறிக்கையின் முடிவுகள் முன்பக்கங்களில் இருக்கும், அந்த முடிவுகளைத் தாங்கும் அனுமானங்கள் பின்னிணைப்பில்தான் இருக்கும் என்பதால், நான் எப்போதும் பின்னாலிருந்தே படிக்கத் தொடங்குவேன். இரண்டு இடங்களில் விரலை வைத்துப் பாருங்கள். திட்டம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று: இந்த ஆண்டு முனையக் கட்டடம், பிறகு ஓடுபாதை நீட்டிப்பு, அணுகுசாலை வேறொரு துறையின் தனித் திட்டம் என்று பிரித்துவிட்டால், ஒவ்வொன்றின் தாக்கமும் சிறிதாகத் தெரியும், மொத்தத் தாக்கத்தை யாரும் மதிப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒப்பீடு எதனோடு என்பது இன்னொன்று. "விரிவாக்கம் இல்லாவிட்டாலும் போக்குவரத்து இவ்வளவு பெருகியிருக்கும்" என்று ஒரு பெரிய எண்ணை முதலில் ஊகித்து வைத்துக்கொண்டால், விரிவாக்கத்தால் வரும் கூடுதல் சுமை சொற்பமாகவே தோன்றும். ஆகவே இன்றைய நிலை, விரிவாக்கம் இல்லாத எதிர்காலம், விரிவாக்கத்தோடு கூடிய எதிர்காலம் என மூன்று எண்களையும் ஒரே அட்டவணையில் கேளுங்கள்.

இரைச்சலைப் பற்றிக் கேட்பது

இரைச்சல் வரைபடத்தில் ஓடுபாதையைச் சுற்றி நீள்வட்டமாகச் சில கோடுகள் வரையப்பட்டிருக்கும். உங்கள் தெரு கோட்டுக்கு வெளியே இருந்தால் பாதிப்பில்லை என்பதுபோல் அறிக்கை பேசும். அந்தக் கோடுகள் பெரும்பாலும் சராசரியைக் குறிப்பவை: பல மாதங்களின் ஓசையை, அமைதியான நேரங்களையும் சேர்த்து, ஓர் எண்ணாகச் சுருக்கியவை. ஐரோப்பாவில் பயன்படும் பகல்-மாலை-இரவு அளவீட்டில், அந்நேரத்து ஓசை கூடுதலாக உறுத்தும் என்பதால், மாலை ஓசைக்கு 5 டெசிபலும் இரவு ஓசைக்கு 10 டெசிபலும் கூட்டியே கணக்கிடுகிறார்கள். ஆனாலும் கிடைப்பது சராசரிதான். பின்னிரவு 2.40 மணிக்கு ஒரு சரக்கு விமானம் தாழப் பறந்து, சன்னல் கண்ணாடி அதிர்ந்து, தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீறிட்டு எழும்போது, அந்த வீட்டார் சராசரியைக் கேட்பதில்லை. ஒரு விமானத்தைக் கேட்கிறார்கள்.

டெசிபல் கணக்கில் இன்னொரு சூட்சுமத்தையும் அறிந்திருக்க வேண்டும். விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானாலும் சராசரி ஏறக்குறைய 3 டெசிபல்தான் உயரும். "உயர்வு மூன்று டெசிபல் மட்டுமே" என்று அறிக்கை சொன்னால், அதன் பொருள் நூறு விமானங்கள் இருநூறாகின்றன என்பதாகக்கூட இருக்கலாம். எனவே சராசரியோடு, ஒரு குறிப்பிட்ட ஓசை அளவைத் தாண்டும் விமானங்கள் நாளொன்றுக்கு எத்தனை, இரவில் எத்தனை, அவற்றுள் மிக உரத்ததன் அளவு என்ன என்பவற்றையும் உங்கள் பகுதிக்கெனத் தனியாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், விமான இரைச்சல் பகல்-மாலை-இரவு அளவில் 45 டெசிபலுக்கும், இரவில் மட்டும் 40 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அது சட்டமாகாத இடங்களிலும், திட்டக்காரர்களின் கோடு எந்த அளவிலிருந்து தொடங்குகிறது என்பதை அதனோடு ஒப்பிட்டுக் கேட்பதற்குத் தடையேதும் இல்லை.

விமானங்கள் எதிர்காற்றை நோக்கியே ஏறவும் இறங்கவும் செய்கின்றன; காற்று திசை மாறினால் பாதையும் மாறும். வரைபடம் எந்தக் காற்றுத் திசையை எத்தனை விழுக்காடு நாட்களுக்கு எடுத்துக்கொண்டது என்பது அதனால் முக்கியமாகிறது. இறங்கும் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் வருவதால், ஓடுபாதை முனையிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் அது தரைக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஓடுபாதையின் நேர்கோட்டை ஒரு வரைபடத்தில் நீட்டி, அதன் அடியில் வரும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் குறித்துப் பாருங்கள். அறிக்கையில் விடுபட்டவை அங்கே தென்படலாம்.

உங்கள் பங்குக்கு ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரங்களுக்குத் தேதி, மணி, எந்த அறை, சன்னல் திறந்திருந்ததா என்பவற்றை எழுதி வாருங்கள். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் துல்லியமானதன்று. அதைச் சான்றாக நீட்டாமல், ஒரே இடத்தில் அமைதியான நேரத்துக்கும் விமானம் கடக்கும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட மட்டும் பயன்படுத்தலாம். மணியை நிமிடத்தோடு குறித்திருந்தால், விமானங்களின் தடத்தைக் காட்டும் பொதுத் தளங்களைக் கொண்டு எந்த விமானம் என்பதையும் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

சாலைக் கணக்கு

இரைச்சலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு; சாலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. விரிவாக்கத்தின் சுமையை ஓடுபாதையிலிருந்து தள்ளி வாழ்பவர்களும் நாள்தோறும் உணர்வது சாலையில்தான். ஒருவர் தம் காரை நிலையத்தில் நிறுத்திவிட்டுப் பறந்துபோய்த் திரும்பினால், சாலையில் அந்தக் காருக்கு இரண்டு நடைகள். அவரை இன்னொருவர் கொண்டுபோய் விட்டு, பின்னர் போய் அழைத்து வந்தால் நான்கு நடைகள். வாகன நிறுத்தக் கட்டணத்தை உயர்த்திக் காரைக் குறைக்கப் போவதாகச் சொல்லும் திட்டம், பேருந்தும் ரயிலும் சரியாக இல்லாத இடத்தில், மக்களை இந்த நான்கு நடைப் பயணத்துக்குத் தள்ளி நெரிசலைக் கூட்டிவிடும். ஆளில்லாமல் திரும்பும் டாக்சிகள், முறைமாறும் ஊழியர்கள், சரக்கு லாரிகள் ஆகியவை கணக்கில் உள்ளனவா என்று பாருங்கள். பயணிகளை மட்டும் எண்ணிவிட்டு மற்றவர்களை மறந்த ஆய்வு அரைகுறையானது.

"பயணிகளில் இத்தனை விழுக்காட்டினர் பொதுப் போக்குவரத்தில் வருவர்" என்ற வாக்கியம் வந்தால், முதல் விமானம் எத்தனை மணிக்கு, முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். காலை ஐந்து மணி விமானத்துக்கு மூன்று மணிக்கு வர வேண்டிய பயணியும், அவருக்கு முன்பே பணிக்கு வர வேண்டிய துப்புரவுப் பணியாளரும் அந்த நேரத்தில் எதில் வருவார்கள்? புதிய ரயில் பாதை வரப்போகிறது என்பது பதிலானால், அதற்கு நிதி ஒதுக்கப்பட்டுவிட்டதா, புதிய முனையம் திறப்பதற்கு முன்பே அது ஓடத் தொடங்குமா என்பவை அடுத்த கேள்விகள். முனையம் முதலில் திறந்து ரயில் பிறகு வந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தனை வண்டிகளும் உங்கள் தெரு வழியாகத்தான் போகும்.

உங்கள் பகுதியின் நெரிசலான ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுத்து, நீங்களே எண்ணிப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கொரு சாலை. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, இருசக்கர வாகனம், கார், பேருந்து, லாரி எனப் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பள்ளி நாளில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் போதும். விடுமுறை நாளில் எண்ணிய ஆய்வுகள் உண்டு என்பதால், அறிக்கையில் உள்ள கணக்கெடுப்பின் தேதியையும் கிழமையையும் தேடிப் பாருங்கள். மண்ணும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிகள் கட்டுமானக் காலம் முழுவதும் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் செல்லும் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிமென்ட் தளம் பெருகினால் மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேளுங்கள். தீயணைப்பு நுரைகள் சிலவற்றில் உள்ள, எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் நிலத்தடி நீரில் கலந்த வரலாறு பல விமான நிலையங்களில் உண்டு. பணி தொடங்குமுன் கிணற்று நீரைச் சோதித்துப் பதிவு செய்யக் கோருங்கள். ஓடுபாதையைச் சுற்றிக் கட்டட உயரத்துக்கு வரம்பு வரும்; மாடி எழுப்ப எண்ணியிருப்பவர்கள் புதிய வரம்பை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆட்சேபணையை எழுதுதல்

ஒரு கடிதத்தில் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், அட்டவணை எண், அதில் என்ன குறை, எந்தத் தகவல் வேண்டும், அனுமதி கொடுத்தால் எந்த நிபந்தனையோடு கொடுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அதை ஒரே கருத்தாக எண்ணிவிடக்கூடும்; அவரவர் வீடு, அவரவர் தெரு பற்றி அவரவர் சொற்களில் எழுதிய ஐம்பது கடிதங்களே மேல். திட்டமே வேண்டாம் என்பவர்கள் நிபந்தனை கேட்டால் சம்மதித்ததாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். "எங்கள் முதன்மைக் கோரிக்கை திட்டத்தைக் கைவிடுவது, அதை ஏற்காவிட்டால் மாற்றாக இவை" என்று தெளிவாகப் பிரித்து எழுதினால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

நிபந்தனைகளில் "இயன்றவரை", "உரிய நடவடிக்கை" போன்ற சொற்களை ஏற்காதீர்கள். மணியும் எண்ணும் கொண்ட நிபந்தனைகள் பெரிய நிலையங்களிலேயே நடைமுறையில் உள்ளன. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரையிலான பறத்தல் கட்டுப்பாடு 1995-இல் சட்டமாகவே இயற்றப்பட்டது. சில விதிவிலக்குகள் உண்டு. பிராங்க்பர்ட்டில் 2011-இல் புதிய ஓடுபாதை திறந்தபோதே இரவு 11 முதல் காலை 5 வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடையும் வந்தது. லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் முனையத்துக்கு அனுமதி தந்தபோது ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்கள் (ஏறுவது ஒன்று, இறங்குவது ஒன்று) என்ற உச்சவரம்பை விதித்தார்கள். மக்களைக் கேளாமல் 1966-இல் இடம் முடிவு செய்யப்பட்ட ஜப்பானின் நரிடா நிலையம், உழவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே 1978-இல்தான் திறக்கப்பட்டது என்பதையும், கருத்துக் கேட்பு வெறும் சடங்கு என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு நினைவூட்டலாம்.

கடிதத்தைக் கடைசி நாளுக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். கூட்டத்தில் பேசுபவர் மூன்று நிமிடத்துக்குள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, அதன் எழுத்து வடிவத்தையும் மேசையில் கொடுத்துவிட வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு வெளிவந்ததும் உங்கள் கேள்வி அதில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்து, திரிந்திருந்தால் உடனே திருத்தம் கோரி எழுதுங்கள். அனுமதி ஆணை வந்தால் அதன் நிபந்தனைப் பக்கங்களைப் படியெடுத்து, சந்திப்புக் கணக்கும் இரவுக் குறிப்பேடும் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். புதிய முனையம் திறந்த முதல் மாதத்தில், அதே நான்கு பேர் அதே சந்திப்பில் மீண்டும் நின்று எண்ண வேண்டியிருக்கும்.